நாலரை மீட்டர் முகப்பு

ஆரியசாலையிலோ வலியசாலையிலோ ஒரு பழைய வரிசை வீட்டை அளக்கப் போகிறவன் முதலில் டேப்பை எடுக்கக் கூடாது. சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். வெட்டுக்கல் ஒரு மாதிரி ஒலிக்கும், செங்கல் ஒரு மாதிரி. மண்சுவர் ஒலிக்கவே ஒலிக்காது, கையில் சுண்ணாம்புதான் ஒட்டும். அப்புறம் வீட்டுக்காரரிடம் ஆதாரத்தை, அதாவது கிரயப் பத்திரத்தைக் கேட்க வேண்டும். எல்லை சொல்லுமிடத்தில் கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் வீடு என்று எழுதியிருக்கும். நடுவிலிருக்கும் அரை மீட்டர் கனச் சுவர் யாருடையது என்று எந்த ஆதாரத்திலும் நான் படித்ததில்லை. இரண்டு வீட்டு உத்திரங்களும் அதே சுவரில்தான் தலை வைத்திருக்கும். ஒருவர் வீட்டு மாடப்பிறையின் முதுகு இன்னொருவர் வீட்டு அடுக்களையில் தெரியும்.

கட்டட அனுமதிக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். விதிப்புத்தகத்தில் எங்களுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். தெருவில் 'பிளான் வரைக்கிற ஆள்'. சாக்கை ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்துவிட்டு, டிரேசிங் தாளில் ரோட்ரிங் பேனாவால் கோடு இழுத்து, புளிமூட்டில் அமோனியா பிரிண்ட் எடுத்து, அந்த வாடையோடு வீட்டுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. பிறகு ஆட்டோகேட் வந்தது. மாநகராட்சியில் கம்ப்யூட்டர் வழி விண்ணப்பம் வந்தது. 2024 ஜனவரி 1 முதல் கே-ஸ்மார்ட் என்ற அரசு இணையதளம். கோடு மாறவில்லை, கோடு இழுக்கும் கருவிதான் மாறியது. அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கே ஒரு வெல்ல மண்டிக்குக் கணக்கெழுத வந்தவர். அதனால் நான் பிறந்ததும் இந்தத் தெருவில், பிழைப்பதும் இந்தத் தெருவை இடித்துக் கட்டுகிறவர்களை நம்பி.

ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெரு சாலைபஜார். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்தியது. அதன் கிழக்குப் பாதியில் ஆரியசாலை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னூற்றுநங்கையும் ஊர்வலமாக வரும்போது, சரஸ்வதி கோட்டைக்குள் போய்விடுவாள். முருகன் தங்குவது எங்கள் ஆரியசாலைக் கோயிலில். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துக்குப் போன பிறகும் எங்கள் தெருவின் பாதித் தொடர்பு நாகர்கோவிலோடுதான். அரிசி, பருப்பு, வெல்லம், மருந்துச் சரக்கு, பெயின்ட், இரும்பு எல்லாவற்றுக்கும் தமிழ் பேசும் மண்டிகள் இருந்தன, இன்னும் பல இருக்கின்றன. ஆ. மாதவன் இதே சாலைத்தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். கடையின் பின்னாலும் மேலேயும் குடும்பங்கள் இருந்த தெரு அவர் எழுதியது. இப்போது கடை அடைத்த பிறகு ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள், விளக்கெரியும் மாடிகளை எளிதாக எண்ணிவிடலாம்.

இந்த நகரத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் உயரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கவடியாரில் இத்தனை மாடி, கழக்கூட்டத்தில் அத்தனை மாடி, டெக்னோபார்க் 1990-ல் வந்ததிலிருந்து நகரம் வடக்கே ஓடுகிறது என்று. நியாயமான கவலைதான். ஆனால் பழைய ஊர் காலியானது எந்த அடுக்குமாடியாலும் இல்லை. நாலரை மீட்டர் முகப்புள்ள வீட்டுக்கு நாலுபக்கமும் இடம் விடச் சொன்ன ஒரு கணக்கால் என்பது என் கட்சி. இதைப் பல பொறியாளர் நண்பர்களிடம் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். எங்கள் வரிசை வீடு ஒன்று அகலம் நாலரை மீட்டர், நீளம் முப்பது மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 135 சதுர மீட்டர், மூன்றேகால் சென்டுக்குச் சற்று மேல். 1999-ல் வந்த கேரள நகராட்சிக் கட்டட விதிகளின்படி சாதாரண வீட்டுக்கு முன்னால் 3 மீட்டர் விட வேண்டியிருந்தது, பக்கவாட்டில் ஒருபுறம் 1.2 மீட்டர், மறுபுறம் 1 மீட்டர். நாலரையில் 2.2 போனால் 2.3 மீட்டர். அதில் இரண்டு பக்கமும் சுவர் 20 சென்டிமீட்டர் வீதம் கழித்தால் உள்ளே 1.9 மீட்டர். ஆள் குறுக்கே படுத்துக் கையை நீட்ட முடியாது. 125 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு மனைகளுக்குத் தளர்வு உண்டு. நம் வீடு 135, தளர்வு வாசலிலேயே நின்றுவிட்டது. அதே வீட்டை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தால் இரண்டும் சிறு மனை ஆகிவிடும்! பாகப்பிரிவினையை ஊக்குவிக்கும் விதி என்று ஒரு வக்கீல் நண்பர் கிண்டல் செய்வார். 2019-ல் விதிகளைப் புதிதாக எழுதினார்கள், அளவுகளில் சில மாறின. வீடென்றால் தனியாக நிற்பது, அதைச் சுற்றி நடந்து வரலாம் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. அது சாஸ்தமங்கலத்துக்கும் பேரூர்க்கடைக்கும் பொருந்தும் எண்ணம். அங்கே மா மரம், பலா மரம், மதில் எல்லாம் உண்டு.

ஒரு பக்கம் ஒட்டிக் கட்டலாம், பக்கத்து வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால். இந்த ஒற்றை வாக்கியத்தில்தான் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. சம்மதம் வாங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மறுபக்கம் 1.2 மீட்டர் சந்து விட்டே ஆக வேண்டும். அதாவது வரிசை அந்த இடத்தில் அறுகிறது. இருநூறு வருஷமாக மழை காணாமல் உள்சுவராக இருந்தது திடீரென்று வெளிச்சுவராகிறது. அது பக்கத்து வீட்டுச் சுவர், அதுவும் மண்சுவர். ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம், இரண்டு மழையையும் அது குடிக்கும். இரண்டாம் வருஷம் பக்கத்து வீட்டு மாமா வந்து நிற்பார்: "உங்க பிளான்தானே சார் அது? எங்க பூஜை ரூம் சுவரு விரல் வச்சா உள்ள போறது." அவரும் இடிக்க வேண்டியதுதான். அவர் ஒரு சந்து விடுவார். அதற்கடுத்த வீடு நனையும். ஒரு தெரு இப்படித்தான் வீடுவீடாகப் போகிறது, யாரும் எந்த விதியையும் மீறாமல்.

அதனால் இடிக்கிற வேலையைத்தான் நான் கட்டுகிற வேலையைவிட அதிகம் கற்றுக்கொண்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மார்த்தாண்டம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர். ஜே.சி.பி.யைத் தெருவுக்குள் விட மாட்டார். மேலிருந்து கீழே, கையால். முதலில் ஓடு, பிறகு பட்டியல், பிறகு கழுக்கோல். உத்திரத்தை உருவுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குள் போய், அவர்கள் உத்திரம் சுவரில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, அதன் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். ஆஞ்சிலி உத்திரமென்றால் முனை பெரும்பாலும் சுவருக்குள்தான் செல்லரித்திருக்கும், வெளியே பார்த்தால் கல் மாதிரி தெரியும். நம் பக்கத்து உத்திரத்தை உருவினால் சுவரில் ஒரு பொந்து விழும். அதை அன்றைக்கே செங்கல் வைத்து அடைக்காமல் கொத்தனார் கூலி வாங்க மாட்டார். சுவரின் முகம் வெளிப்பட்டதும் தார்ப்பாய். விருச்சிகத்துக்குப் பிறகு இடிக்கத் தொடங்கி, மீனத்துக்குள் பக்கத்துச் சுவருக்குப் பூச்சு முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்கள் தொழிலில் மலையாள மாதம்தான் பஞ்சாங்கம்.

அஸ்திவாரம் இன்னும் சிக்கல். பழைய சுவர் தரைக்குக் கீழே இரண்டடி, மூன்றடிக் கருங்கல்மேல் நிற்கும். நமக்கு கான்கிரீட் தூண் வேண்டும், ஒன்றரை மீட்டராவது ஆழம் வேண்டும். எல்லையை ஒட்டி ஒரே நாளில் நீளமாகத் தோண்டினால் பக்கத்து வீடு நம் குழிக்குள் எட்டிப் பார்க்கும். ஒரு மீட்டர் தோண்டி, நிரப்பி, இரண்டு மீட்டர் தள்ளி அடுத்ததைத் தோண்ட வேண்டும். தூணை எல்லையிலிருந்து உள்ளே தள்ளி வைத்து பீமை நீட்டிக்கொள்ளலாம். காசு கூடும். கான்ட்ராக்டர்கள் இதை விரும்ப மாட்டார்கள். இப்போது வேலைக்கு வருகிறவர்கள் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வரும் இளைஞர்கள். நல்ல உழைப்பாளிகள். ஆனால் மண்சுவரோடு அவர்களுக்குப் பழக்கமில்லை, சொல்லிக்கொடுக்க எங்கள் கொத்தனாரும் இப்போது இல்லை.

இதையெல்லாம் வரைபடத்தில் எங்கே காட்டுவது? காட்ட இடமில்லை. அனுமதி வரைபடத்தில் என் கட்சிக்காரரின் மனை இருக்கும், எல்லைக்கோடு இருக்கும், கோட்டுக்கு அப்பால் வெள்ளைத்தாள். சுவரில் பாதி அந்த வெள்ளைத்தாளில் இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் ஓவர்சியர் ஒருவர் என் தாளைப் பார்த்து, "சாரே, இதில் சைடு எவிடே?" என்று கேட்டார். சைடு இல்லை, இது வரிசை வீடு என்றேன். 1999 விதிகளில் வரிசைக் கட்டடத்துக்குத் தனி அத்தியாயமே உண்டு என்று பக்கத்தையும் எடுத்துக் காட்டினேன். அது அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் என்று அடுத்த வரியை அவர் எடுத்துக் காட்டினார். அவர் சொன்னது சரி. ஒரு தெரு தானாகவே வரிசையாக நின்றால் போதாது, வரிசை என்று அறிவிக்கப்படவும் வேண்டும்.

கோட்டைக்குள்ளே கதை வேறு மாதிரி. பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள அக்ரகாரங்கள் பாரம்பரியப் பகுதி. அங்கே எதைத் தொட்டாலும் கலை, பாரம்பரியக் கமிஷனின் சம்மதம் வேண்டும். 2011-ல் நிலவறைப் பொக்கிஷச் செய்தி உலகமெங்கும் பரவிய பிறகு பாதுகாப்புக் கெடுபிடிகளும் சேர்ந்துகொண்டன. கமிஷன் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாமல் இருந்தால் கோயில் மதில் ஓரத்தில் இப்போது கண்ணாடி முகப்பு லாட்ஜ்கள்தான் நிற்கும். ஆனால் அங்கே ஒரு மாமி இருந்தார், வயது எண்பதுக்கு மேல், மாடிப்படி இறங்க முடியாதவர். மாடியில் ஒரு கழிவறை வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு செங்கல்கூடத் தெரியாது. தாள் போய்க்கொண்டே இருந்தது. "நான் பொறந்ததும் இந்தாத்துலதான்டா. ஒரு கக்கூஸ் வெக்க எத்தனை பேர்கிட்ட கையெழுத்து வாங்குவே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். கையெழுத்து வருவதற்குள் பெங்களூரிலிருந்து மகன் வந்து அழைத்துப் போய்விட்டார். முகப்பு இன்றும் அழகாக இருக்கிறது, பூட்டும் தொங்குகிறது.

2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. இது கேரளத்தின் பொது வியாதி, வளைகுடாப் பணமும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கொண்டுவந்தது. எங்கள் தெருவில் மட்டும் அந்த வீடுகள் வெகுநாள் காலியாகக் கிடப்பதில்லை. மண்டிக்காரர்கள் கிடங்குக்கு எடுத்துக்கொள்வார்கள்.

கிடங்கு மாற்றம் எனக்கு நல்ல வருமானம். ஏ1 என்றால் குடியிருப்பு, எஃப் என்றால் வணிகம், ஹெச் என்றால் சரக்கு வைப்பு. தாளில் ஒரு எழுத்தை மாற்றிக் கட்டணம் கட்டினால் வீடு கிடங்காகிவிடும் என்று மண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். வீடு அப்படி நினைப்பதில்லை. மச்சுத்தளம் பத்தாயமும் பாயும் தாங்கப் போட்டது. அதன்மேல் அரிசி மூட்டையைச் சுவரோரம் அடுக்கினால் பொதுச்சுவர் பக்கத்து வீட்டுப் பக்கம் வயிறு தள்ளும். பெயின்ட், தின்னர் என்றால் நான் வரைய மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். 2019 மே மாதம் பழவங்காடி அருகே குடைக்கடை ஒன்று பற்றியெரிந்தபோது ஊரே கூடியது. அது அகலமான எம்.ஜி. ரோட்டை ஒட்டி. எங்கள் சந்துகளில் தீயணைப்பு வண்டியை எங்கே நிறுத்துவது என்று அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள், மறுநாள் விட்டுவிட்டார்கள்.

பார்க்கிங் இன்னொரு கூத்து. புதிய வணிகக் கட்டடத்துக்குக் கார் நிறுத்த இடம் காட்ட வேண்டும். "ஷட்டர் வச்சாத்தான் அது கடை. நீரு பார்க்கிங்குன்னு எழுதிக் குடும், பொறவு பாத்துக்கிடலாம்," என்பார் மண்டிக்கார அண்ணாச்சி ஒருவர். இந்தப் 'பொறவு'தான் திருவனந்தபுரத்தின் பாதிக் கடைகளுக்கு அஸ்திவாரம். சாலைபஜாரில் கார் நுழைந்தால் திரும்ப முடியாது என்று தெரிந்தும் ஒவ்வொரு கடையும் தன் வயிற்றுக்குள் ஒரு காரை வைத்திருப்பதாகத் தாளில் பொய் சொல்கிறது. மொத்தத் தெருவுக்கும் கிள்ளிப்பாலம் – அட்டக்குளங்கரை பைபாஸ் ஓரமாக ஒரு பொது நிறுத்துமிடம் கொடுத்துவிட்டு, கடைகளிடம் கார் கேட்பதை நிறுத்தலாம். இதைச் சொன்னால் அங்கே நிலம் எங்கே என்பார்கள். கடைக்காரர்களுக்கும் தயக்கம் உண்டு. 1965-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் தாத்தா காலத்து வாடகை கொடுக்கும் கடைக்காரர், கட்டடத்தைத் தொட்டால் தான் வெளியே போக நேரிடும் என்று பயப்படுகிறார். சொந்தக்காரரோ அந்த வாடகையில் ஓடு மாற்றக்கூட மாட்டார். இருவருக்கும் நடுவே நிற்கிற கட்டடத்துக்கு நான் போடும் வரைபடம் எதற்கு உதவும்?

அக்ரகாரத்தைப் பற்றி உருகுகிறவர்கள் எல்லோரும் திண்ணையிலிருந்து தொடங்கி முற்றத்தில் முடிப்பார்கள். பின்வாசலுக்குப் போக மாட்டார்கள். பல வரிசைகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. கழிவை எடுத்துப்போக வருகிறவர்கள் தெரு வழியாக வரக் கூடாது என்பதற்காக விட்ட சந்து. அந்தத் தெருக்களில் யார் குடியிருக்கலாம், யார் முன்வாசலால் வரலாம் என்பதற்கெல்லாம் விதி இருந்தது, அது எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத விதி. அந்த வாழ்க்கை போனதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் சந்து போனது வேறு விஷயம். 1940-களில் இந்த நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய் வந்தபோது சந்துகளுக்குப் புது வேலை கிடைத்தது, பல இடங்களில் குழாய் அந்த வழியாகப் போனது. பிறகு ஒவ்வொரு வீடும் அடுக்களையை ஒரு மீட்டர் பின்னால் நீட்டியது. எதிர் வரிசையும் நீட்டியது. இப்போது மேன்ஹோல் யாரோ ஒருவர் வீட்டு மாவாட்டும் இடத்துக்குக் கீழே இருக்கிறது. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளும் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. எங்கள் கழிவு அங்கே போய்ச் சேர வழியில்லாமல் தெருவில் நிற்கிறது.

குழாய் இல்லாத வீட்டில் செப்டிக் டேங்க் வேண்டும், அது கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நாலரை மீட்டர் அகல வீட்டில், நம் கிணறு, இடப்பக்க வீட்டுக் கிணறு, வலப்பக்க வீட்டுக் கிணறு மூன்றுக்கும் 7.5 மீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். காம்பஸை வைத்துவிட்டு நான் பலமுறை காபி குடிக்கப் போயிருக்கிறேன். இந்த ஒரு விதியில் எனக்குச் சண்டை இல்லை, தண்ணீர் விஷயம். கிணற்றை மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் மூடிவிடுகிறார்கள். மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் வந்த பிறகு அதே வீட்டுக்குப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி வைக்கிறார்கள். முற்றத்தில் விழுந்து கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்த மழை அது.

2012-ல் நகரத்துக்குப் புதிய மாஸ்டர்பிளான் வரைவு வந்தது, 2031 வரைக்குமான திட்டம். அதற்கு முன் நாங்கள் கையில் வைத்திருந்தது 1971-ல் ஒப்புதலான திட்டம். என் அலுவலக அறையில் அந்த மாதங்களில் நின்ற கூட்டம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. யாரும் திட்டத்தைப் படிக்க வரவில்லை. சர்வே நம்பரைச் சொல்லி, "எம் மனையில் ரோடு வருதா?" என்று கேட்க வந்தார்கள். வண்ண வரைபடத்தில் அவர்கள் வீடு ஒரு பச்சைக்குள்ளோ மஞ்சளுக்குள்ளோ கிடக்கும். வரைபடத்தின் அளவில் ஒரு மில்லிமீட்டர் கோடு தரையில் பல மீட்டர் அகலமாகும். அந்தக் கோடு வீட்டின்மேலா, பக்கத்திலா என்று என்னால் சொல்ல முடியாது. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன், வீட்டை விற்க முடியுமா என்று கேட்டார் ஒருவர். நகரமெங்கும் எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அரசு அந்த வரைவை முடக்கிவைத்தது. எதிர்த்தவர்களை வளர்ச்சிக்கு விரோதிகள் என்று பேசியவர்கள் உண்டு. நான் பார்த்தவர்கள் அப்படி இல்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் சாலை அகலப்படுத்தலைப் பார்த்தவர்கள். கரமனை – களியக்காவிளைச் சாலையை 30.2 மீட்டராக்க எத்தனை முகப்புகள் போயின என்று அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அகலமான சாலை நல்லதுதான் என்று ஒப்புக்கொள்கிறவர்கள்கூட, மிச்சமிருக்கும் மூன்று மீட்டர் ஆழ வீட்டில் என்ன கட்டுவது என்றுதான் கேட்டார்கள். பழைய விதிப்படி அங்கே எதுவும் கட்ட முடியாது. 2040-க்கான அடுத்த வரைவு வந்தபோது கேள்வி அதேதான், ஆட்கள் மட்டும் பத்து வயது கூடியிருந்தார்கள்.

தண்ணீர் போகும் வழியைக் கேட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. 2015-ல் மாவட்ட நிர்வாகம் ஆபரேஷன் அனந்தா என்று ஓடை ஆக்கிரமிப்புகளை இடித்தபோது, தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் கட்டடங்களுக்கு அடியில் கால்வாய் ஓடுவதைப் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள். பிறகு மறந்தார்கள். 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமயிழஞ்சான் ஓடையைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் குப்பைக்கும் வெள்ளத்துக்கும் நடுவே சிக்கி இறந்தார். அவரைத் தேடிய அந்த நாட்களில் எங்கள் தெருவில் யாரும் வேறெதுவும் பேசவில்லை. என் மேசையில் அப்போதிருந்த விண்ணப்பம் ஒன்றில் 'மழைநீர் வடிகால்: பொது ஓடைக்கு' என்று எழுதியிருந்தேன். எல்லா விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதுவோம். ஓடை எங்கே போகிறது என்று கேட்கும் பத்தி படிவத்தில் கிடையாது.

வெளியூரில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கப் புதுச்சேரிக்குப் போனேன். அங்கே தமிழர் பகுதியிலிருக்கும் வைசியாள் தெருவில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வீட்டுக்காரர்களோடு சேர்ந்து தெருவின் முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தது, 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. எனக்குப் பிடித்தது விருதில்லை, அங்கே அலகு ஒரு வீடாக இல்லாமல் ஒரு தெருவாக இருந்தது. தெருவோரத் தாழ்வாரம் ஒரு வீட்டில் அறுந்தால் பக்கத்து வீட்டு நிழலும் போகும் என்று புரிந்துகொண்டு செய்திருந்தார்கள். எச்சரிக்கைக்கு பினாங்கு இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகள் நம் சாலைத்தெரு மாதிரியே, கீழே கடை, மேலே வீடு, இடையே பொதுச்சுவர். அங்கே வாடகைக் கட்டுப்பாடு 2000-ம் ஆண்டு தொடக்கத்தில் நீங்கியதும் பழைய குடித்தனக்காரர்கள் வாடகை தாங்காமல் வெளியேறினார்கள். 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு பல வீடுகள் ஹோட்டல்களாயின. சுவர்கள் நன்றாகவே காப்பாற்றப்பட்டன. நம்மவர்கள் சாலைத்தெருவைப் பாரம்பரியத் தெரு ஆக்குவோம் என்று வளைவும் விளக்கும் நடைபாதைக் கல்லும் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு பினாங்கு நினைவு வரும்.

உள்ளூரிலேயே நல்ல வேலை நடந்திருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் கரிமடம் காலனி. அங்கே குடிசைகளை மாற்றி வீடு கட்டியது காஸ்ட்ஃபோர்டு, கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் வழிவந்த நிறுவனம். இடம் நெருக்கம், அதனால் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் நிற்கின்றன. காற்றும் வெளிச்சமும் வரும்படி யோசித்து ஒட்டியிருக்கிறார்கள். ஏழைகளுக்குக் கட்டும்போது ஒட்டிக் கட்டலாம், தெரு மொத்தத்தையும் ஒரே தாளில் வரையலாம். ஆரியசாலைக்காரனுக்கு அது கிடையாது. ஒட்டி நின்ற தெருவின் அருமை ஆற்றுக்கால் கோயில் பொங்கல் அன்று தெரியும், எங்கள் தெரு முழுக்க அடுப்பு. வெளியூரிலிருந்து வந்த பெண்கள் முன்பு திண்ணைகளில் உட்காருவார்கள், இப்போது ஷட்டர் ஓரத்து வெயிலில் நிற்கிறார்கள். மூன்று மீட்டர் முன்னிடம் விட்ட புது வீடுகளில் அந்த மூன்று மீட்டரில் இரும்புக் கேட் இருக்கிறது. 

   

இப்போது நான் அனுமதித் தாளோடு இன்னொரு தாளும் எழுதச் சொல்கிறேன், முத்திரைத்தாளில், இரண்டு வீட்டாருக்கும் இடையே. பொதுச்சுவர் இருவருக்கும் பாதிப்பாதி. இடிக்கிறவர் பக்கத்து உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், மழைக்கு முன் பூச வேண்டும். முற்றத்துக்கு வரும் வெளிச்சத்தை மறைத்து உயர்த்தக் கூடாது. 1882-ம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் இருபது வருஷம் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை தருகிறது, ஆனால் அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், போனால் பேரன் காலத்தில் தீர்ப்பு வரும். தாள் எழுதினால் பாதிச் சண்டை வாசலிலேயே தீர்ந்துவிடுகிறது. வக்கீல் நண்பர் இதற்குச் சட்டப்படி பலம் போதாது என்கிறார். பலம் போதாவிட்டாலும், கையெழுத்துப் போடும் முன் இரண்டு குடும்பமும் ஒரு மணி நேரம் ஒரே கூடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. வரிசை வீட்டில் அது பெரிய காரியம்.

போன வருஷம் ஒரு வரிசையில் அடுத்தடுத்த ஐந்து வீடுகளைச் சேர்த்து ஒரே தாளில் அளந்தேன். சுவர்கள், உத்திரங்கள், கிணறுகள், பின்சந்தில் மிச்சமிருப்பது, மழைத்தண்ணீர் போகும் வாட்டம் எல்லாம் முதல்முறையாக ஒரே வரைபடத்தில். முன்வரிசை உயரம் மாறாமல், பின்கட்டில் மட்டும் இரண்டு மாடி ஏற்றி, ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே கழிவுநீர்க் குழாய் போட்டால் இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்கு குடும்பம் வசிக்கலாம் என்று கணக்கு வந்தது. யாரும் வீட்டை விட வேண்டாம், சந்து விட வேண்டாம். வீட்டுக்காரர்களில் ஒருவர் ஷார்ஜாவிலிருந்து வாட்சாப்பில் சரி என்றார். ஒரு அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் போட்ட பிறகுதான் தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். பக்கத்து வீட்டுக்காரர், அத்தை போடட்டும் என்றார். மூலை வீட்டு அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கார் உள்ளே வருமா என்றார்.

கே-ஸ்மார்ட்டில் ஐந்து மனைக்கு ஒரே விண்ணப்பம் போட வழி எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு மனை, ஒரு விண்ணப்பம். அதனால் நடு வீட்டுக்கு மட்டும் போட்டிருக்கிறோம், இருபுறமும் சம்மதக் கடிதத்தோடு. ஐந்து வீட்டு வரைபடத்தைக் கூடுதல் ஆவணமாக ஏற்றியிருக்கிறேன். மற்ற நாலு பேரும் இது என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதாக இருக்கிறார்கள்.